பேர் போடமாட்டம்

அந்தப் பெண் எழும்பி ஓடியதுதான் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறது.

நடந்து போகவில்லை, ஓடினாள். ஆறு மாத வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, கதிரையைத் தள்ளி விழுத்திவிட்டு, கதவையும் சாத்தாமல் ஓடினாள். வெளியே பதுளையின் மத்தியான மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவளுடைய கறுத்தக் குடை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. அதைக்கூட எடுக்கவில்லை.

நான் மேசைக்கு இந்தப் பக்கம் வாயைப் பிளந்துகொண்டு இருந்தேன். அப்படி என்ன சொல்லிவிட்டேன்? நல்ல சொல்லைத்தானே சொன்னேன்! இரண்டு நிமிடத்துக்கு முன்பு என்னைப் பார்த்துச் சிரித்தவள் அவள். நான் ஒரே ஒரு வசனம் சொன்னேன். முகம் வெளிறிப்போய் எழுந்துவிட்டாள்.

“கோதாரி! என்ன நடந்தது இப்ப?” என்று நான் சுவரைப் பார்த்துக் கேட்டேன். சுவரில் தாய்ப்பாலின் மகிமை பற்றி ஒரு படம் ஒட்டியிருந்தது. அது எங்கள் அறையில் ஏன் இருந்தது என்பதும் எனக்கு ஒருநாளும் விளங்கியதில்லை.

நாற்பத்தொன்று

இந்த வாரம்தான் இந்தப் பக்கத்தைத் திறக்கிறவர்களுக்காக என்னைப் பற்றி ஒரு வரி. யாழ்ப்பாணத்தில் பிறந்து, தாதி வேலைக்குப் படித்து, பதுளைக்கு மாற்றலாகி, “ஒரு வருஷம்தானே” என்று வந்து, தலை நரைக்கும்வரை அங்கேயே இருந்துவிட்டவள் நான். அதில் பாதிக்காலம் பாலியல் நோய்களுக்கான கிளினிக்கில் போனது. எச்.ஐ.வி. வந்தவர்களும் அங்கேதான் வருவார்கள். பிரதான வாசலால் வரமாட்டார்கள். பின்பக்கத்தில் சலவைத் துணி காய்கிற முற்றத்தைச் சுற்றி வருவார்கள்.

அவளுடைய பேரை நான் இங்கே எழுதப்போவதில்லை. புனைபேரும் வைக்கப்போவதில்லை. எங்கள் பதிவில் அவள் நம்பர் நாற்பத்தொன்று. மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறிக்கிறவள். வயது இருபத்துமூன்றோ இருபத்துநாலோ.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. சமாதானம், சமாதானம் என்று வானொலி சொல்லிக்கொண்டிருந்த காலம். அவளுடைய புருஷன் கொழும்பில் கட்டட வேலைக்குப் போய், எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்து, எங்கள் வாட்டிலேயே கண்ணை மூடினான். அவனுக்கு எச்.ஐ.வி. என்று தெரிந்த பிறகுதான் இவளுடைய இரத்தத்தையும் பார்த்தோம். இவளுக்கும் இருந்தது. வயிற்றில் பிள்ளையும் இருந்தது.

எங்கள் டொக்டர் காலிப் பக்கத்துச் சிங்களவர். தமிழில் அவருக்கு “வலி”, “காய்ச்சல்” என்ற இரண்டு சொல் தெரியும். அவர் சிங்களத்தில் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். ஏழாம் மாதம் தொடங்கியதும் தாய் குளிசை குடிக்க வேண்டும். வலி வர முன்னமே ஒபரேஷன் செய்து பிள்ளையை எடுக்க வேண்டும். பிறந்த உடனே பிள்ளைக்கு மருந்துப்பாணி. தாய்ப்பால் மட்டும் கூடவே கூடாது. இவ்வளவும் ஒழுங்காக நடந்தால் பிள்ளை தப்பிவிடலாம்.

“தப்பிருமா மிஸ்ஸி?” என்று கேட்டாள். அந்தப் பக்கத்தில் தாதிமாரை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

“தப்பும். ஆனால் நாள் தப்பக்கூடாது” என்றேன்.

அப்போதுதான் அவள் சிரித்தாள்.

சாப்பாட்டுக் கோப்பை

அந்தச் சிரிப்பை நான் ஏன் அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொண்டேன் என்று சொல்வதற்குக் கொஞ்சம் பின்னே போக வேண்டும். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், நான் பொது வாட்டில் இருந்தபோது, இந்த நோயோடு முதன்முதலாக ஒருவரைக் கொண்டுவந்து கடைசிக் கட்டிலில் போட்டார்கள். எங்களுக்கு ஒன்றும் தெரியாது. சுத்தமாகத் தெரியாது. ஒருத்தி மூன்று சோடி கையுறை போட்டாள். இன்னொருத்தி லீவு போட்டாள். நான் தைரியசாலி என்று பேர் எடுத்தவள். அந்தத் தைரியசாலி என்ன செய்தாள் தெரியுமா? சாப்பாட்டுக் கோப்பையைத் தரையில் வைத்து, செருப்புக் காலால் கட்டிலடிக்குத் தள்ளினாள்.

அந்த மனுஷன் என்னை ஏசவில்லை. குனிந்து கோப்பையை எடுத்து, “தேங்க்யூ மிஸ்” என்றான்.

ஏசியிருந்தால் மறந்திருப்பேன்.

பிற்பாடு கொழும்புக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். கோப்பையால் வராது, தொட்டால் வராது, மூச்சால் வராது என்று அங்கேதான் படித்தேன். எவருடைய இரத்தமாக இருந்தாலும் ஒரே மாதிரிக் கவனமாக இரு, ஆளைப் பார்த்துக் கையுறை போடாதே என்றார்கள். எல்லாவற்றையும் விட ஒன்றைத்தான் மண்டையில் அடித்து ஏற்றினார்கள். நோயாளியின் பேர் வெளியே போகக்கூடாது. நம்பர் மட்டும். பேர் போடமாட்டோம் என்று முதல் நாளே சொல்லுங்கள், அந்த ஒரு வசனத்தில்தான் நம்பிக்கை பிறக்கும் என்றார்கள்.

நான் அந்த வசனத்தை மந்திரம் மாதிரிப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கோப்பைக்குப் பிராயச்சித்தம் இதுதான் என்று நினைத்தேன்.

அன்றைக்கு நாற்பத்தொன்று சிரித்துவிட்டு, டொக்டர் வாட்டுக்குப் போனதும், கேட்டது இது: “தோட்டத்துக்கு துண்டு ஏதும் எழுதுவீங்களா மிஸ்ஸி?”

தன்னுடைய நோயைப் பற்றித் தோட்டத்துக்கு எழுதிவிடுவோமோ என்று பயப்படுகிறாள் என எனக்குப் பட்டது. என் வாய்க்கு வேறென்ன வேலை? வழக்கத்தை விட உருக்கமாகச் சொன்னேன்.

“சீச்சீ, பயப்பிடாதேங்கோ. தோட்டத்தில உங்கட பேர் போடமாட்டம். ஒரு இடத்திலயும் உங்களுக்குப் பேர் வராது.”

அவள் எழும்பி ஓடினாள்.

தொங்கிக்கொண்டிருந்த குடை

முதல் கிழமை வரவில்லை. மழைக்குப் பாதை உடைந்திருக்கும் என்றேன். மடுல்சீமைப் பாதை தும்மினாலும் உடைகிற பாதைதான். இரண்டாம் கிழமையும் வரவில்லை. ஏழாம் மாதம் பிறந்துவிட்டது. கொழும்பிலிருந்து அவளுக்கென்று வரவழைத்த குளிசைப் போத்தல் அலுமாரியில் இருந்தது. காலையில் அலுமாரியைத் திறக்கும்போதெல்லாம் அதன் மூடி என்னைப் பார்த்தது. எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. அவள்மேலா, என்மேலா என்று தெரியவில்லை.

டொக்டர் கேட்டார், “நீங்கள் அவளிடம் சரியாகச் சொன்னீர்களா?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “நான் தமிழ், அவளும் தமிழ். இதில் சரியாகச் சொல்ல என்ன இருக்கிறது?” என்று சிங்களத்தில் சுடச்சுடக் கொடுத்தேன்.

ஆனாலும் ஒரு பழைய சங்கதி நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. பதுளைக்கு வந்த புதிதில் அப்புத்தளைப் பக்கத்து ஐயா ஒருவருக்கு மருந்து கொடுத்து, “வடிவாக் குடியுங்கோ” என்றேன். எங்கள் ஊரில் ஒழுங்காகக் குடியுங்கள் என்று அர்த்தம். அவர் மருந்தையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். “கசப்பு மருந்த அழகா எப்புடிங்க குடிக்கிறது?” என்று கேட்டார். வாட்டே சிரித்தது. நானும் சிரித்தேன். அத்தோடு பாடம் முடிந்தது என்று நினைத்துவிட்டேன்.

மூன்றாம் கிழமையும் அவள் வராமற்போனபோது, கிளினிக்கில் வேலை செய்த சோமாவிடம் சொன்னேன். சோமா சிங்களப் பெண். நமுனுகுல மலையடியில் ஒரு தோட்டத்தை ஒட்டிய கிராமம். கட்டில் துடைப்பது, இரத்தப் போத்தல்களை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோவது, அழுகிறவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றுவது, எல்லாம் அவள்தான்.

“போய்ப் பாப்பமா மிஸ்ஸி?” என்றாள்.

“எப்பிடிப் போறது? கிளினிக் மிஸ்ஸி லயத்துக்கு வந்தால் முழுத் தோட்டமும் என்னெண்டு கேக்குமே!”

சோமா கதவுக்குப் பின்னால் கையைக் காட்டினாள். “குடை இருக்குதானே.”

ஞாயிற்றுக்கிழமை

வெள்ளை உடுப்பு இல்லாமல், பூப்போட்ட சேலை கட்டிக்கொண்டு, பசறை வழியாக பஸ் ஏறினோம். குளிசைப் போத்தல் என் கைப்பைக்குள் கிலுகிலுத்தது. ஒவ்வொரு குழிக்கும் அது சத்தம் போட, நான் பையை இறுக்கிக் கட்டிப்பிடித்தேன். பக்கத்தில் இருந்தவர் நகை கொண்டு போகிறேன் என்று நினைத்திருப்பார்.

லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளின் பீலியடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் எங்களைக் கண்டதும் குடங்களை விட்டுவிட்டார்கள். “யாருங்க வேணும்?”

சோமா குடையைத் தூக்கிக் காட்டினாள். “அந்த மாசமா இருக்கிற புள்ள பசறை பஸ்ல விட்டுட்டு போயிருச்சுங்க. இங்கதான்னு சொன்னாங்க.” தேயிலைத் தோட்டத்துத் தமிழ் அவள் வாயில் தண்ணீராக ஓடியது.

“அடியாத்தே, ஒரு குடைக்கு இம்புட்டுத் தூரமா! நல்ல மனசுங்க ஒங்களுக்கு” என்று ஒருத்தி எங்களைக் கடைசிக் காம்பராவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். லயத்தில் ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை. அதைத்தான் காம்பரா என்பார்கள்.

நாற்பத்தொன்று என்னைக் கண்டதும் கதவைச் சாத்தப் பார்த்தாள். சோமா காலை வைத்துத் தடுத்து உள்ளே நுழைந்துவிட்டாள். உள்ளே விறகுப் புகையும் மண்ணெண்ணெய் வாசமும். சுவரில் புருஷனுடைய சட்டை இன்னும் தொங்கியது. அவள் கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது.

“நான் வரமாட்டேங்க. என்னைய விட்டுருங்க” என்றாள்.

“என்ன விசர்க்கதை கதைக்கிறியள்? மூண்டு கிழமை போட்டுது! பிள்ளைக்குக் குளிசை தொடங்க வேணும்!”

“நான் வேலைக்குப் போகணுங்க. அவரும் போயிட்டாரு. இந்தக் காம்பராவ விட்டா எனக்கும் புள்ளைக்கும் போக்கிடமே இல்லீங்க.”

“போங்கோவன் வேலைக்கு! ஆர் வேண்டாமெண்டது? நான்தான் அண்டைக்கே சொன்னனானே, உங்கட பேர் போடமாட்டமெண்டு.”

அவள் ஓவென்று அழத் தொடங்கினாள். “அதத்தாங்க நானும் சொல்றேன்! போடமாட்டேன்னு நீங்களே சொல்லிப்புட்டீங்க. அப்புறம் நான் எப்புடிங்க பொழைக்கிறது?”

எனக்குத் தலை சுற்றியது. நான் பேசுவதும் தமிழ், அவள் பேசுவதும் தமிழ். ஆனால் இரண்டு பேரும் இரண்டு கரையில் நின்று கத்துகிறோம். ஒன்றுமே விளங்கவில்லை. விளங்காதபோது நான் செய்கிற வேலையையே அப்போதும் செய்தேன். இன்னும் சத்தமாகச் சொன்னேன்.

“உங்கட நன்மைக்குத்தான் போடுறேல்லை! நீங்கள் ஒழுங்கா கிளினிக்குக்கு வந்தியளெண்டால், சாகுமட்டும் உங்களுக்கு ஒரு பேர் விழாது. சத்தியமாச் சொல்லுறன்!”

“ஐயோ மிஸ்ஸி, வாய மூடுங்க!” என்று சோமா கத்தினாள்.

நான் மூடினேன். என் வாழ்க்கையில் யாரும் எனக்கு அப்படிச் சொல்லி நான் மூடியதில்லை.

சோமா தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்று அவள் கண்ணிலும் தண்ணீர். “மிஸ்ஸி, தோட்டத்தில பேர்னா ஒரு நாள் வேலை. கொழுந்து எடை சரியா இருந்தா முழுப்பேர். கொறஞ்சா அரைப்பேர். பேர் போடலன்னா அன்னைக்கு வேலையே செய்யலன்னு அர்த்தம். பேர வெட்டிட்டா ஆளே தோட்டத்தில இல்ல, காம்பராவும் போயிரும். நீங்க இவகிட்ட என்னாத்த சொல்லியிருக்கீங்க தெரியுமா? கிளினிக்குக்கு வந்தா ஒனக்கு இனிமே எங்கயும் வேலை கெடையாதுன்னு சொல்லியிருக்கீங்க!”

நான் அப்படியே அடுப்படியில் குந்திவிட்டேன்.

அவள் கேட்ட துண்டு என்னவென்றும் அப்போதுதான் தெரிந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்த நாளை லீவாகக் கணக்கெடுக்க ஒரு சின்னக் கடிதம். அதைத்தான் அவள் வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். நான் தரமாட்டேன் என்றது போதாமல், வேலையையும் பிடுங்கிவிட்டேன். சிங்களத்திக்கு விளங்கிய தமிழ் தமிழிச்சிக்கு விளங்கவில்லை. இதை எங்கே போய்ச் சொல்வது?

“நான் சொன்னது உங்கட பேரை, உங்களைக் கூப்பிடுற பேரை” என்று திக்கித்திக்கிச் சொன்னேன். “அதை ஒருத்தருக்கும் காட்டமாட்டம் எண்டதைத்தான் அப்பிடிச் சொன்னனான்.”

அவள் மூக்கைச் சேலைத்தலைப்பில் துடைத்தாள். “அதுக்கு எதுக்குங்க அத மறைக்கணும்? அது எங்க அப்பா வச்ச பேர்.”

கைப்பையைத் திறந்து போத்தலை எடுத்துக் கொடுத்தேன்.

காத்திருந்த நாட்கள்

துண்டை டொக்டர் கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்கின் பேரில் வாங்கித் தந்தார். எங்கள் அறையின் பேர் அதில் இருக்காது. ஒவ்வொரு முறையும் அதைக் கையில் பிடித்த பிறகுதான் அவள் கதிரையில் இருப்பாள். ஒபரேஷன் செய்து பெண் பிள்ளையை எடுத்தோம். மருந்துப்பாணியைச் சின்னக் குழாயால் நான்தான் முதலில் ஊட்டினேன். பிள்ளை முகத்தைச் சுளித்து என் கையில் துப்பியது.

பால் கட்டி அவள் பட்ட வேதனையை எழுத எனக்கு மனம் இல்லை. லயத்தில் ஏன் பால் கொடுக்கவில்லை என்று கேட்டவர்களுக்கு “ஒபரேஷன் பண்ணதுல பால் நின்னுருச்சு” என்று சொன்னாள். மார்புத் துணி நனைந்திருக்கும்போதே சொன்னாள்.

பிள்ளைக்கு நோய் இல்லை என்று முடிவாகச் சொல்ல ஒன்றரை வருடம் ஆகும் என்றார் டொக்டர். அந்த ஒன்றரை வருடமும் நான் வேறொன்றை எண்ணிக்கொண்டிருந்தேன். மூன்று கிழமை. அவள் வராமற்போன மூன்று கிழமை. பிள்ளைக்கு ஏதாவது வந்தால் அது தகப்பனிடமிருந்து வந்ததா, தாயிடமிருந்து வந்ததா, என் வாயிலிருந்து வந்ததா? டொக்டரிடம் கேட்டேன். “அப்படிப் பிரித்துச் சொல்ல முடியாது” என்றார். ஆறுதலுக்குச் சொன்னாரா, உண்மையா என்று இன்றுவரை எனக்குக் குழப்பம்தான். அந்த நாட்களில் நான் கோவிலுக்கும் போனேன், சோமாவோடு விகாரைக்கும் போனேன். எங்கே என்ன கேட்டேன் என்பதும் ஞாபகமில்லை.

செவ்வாய்க்கிழமை

முடிவு வந்த அன்றும் மழை. அவள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். பிள்ளை என் மேசையில் இருந்த றப்பர் முத்திரையை எடுத்து வாயில் வைத்தது. சோமா கதவோரம் துடைப்பத்தோடு நின்றாள். டொக்டர் உறையைப் பிரித்து வாசித்தார். நெகட்டிவ் என்றார். என் பக்கம் திரும்பி, சொல்லுங்கள் என்று தலையசைத்தார்.

நான் வாயைத் திறந்தேன்.

எந்தச் சொல்லைச் சொல்வது? நெகட்டிவ் என்றால் கெட்டது என்று நினைத்துவிட்டால்? ஒன்றும் இல்லை என்றால், பிள்ளைக்கு இனி ஒன்றும் இல்லை என்று விளங்கிக்கொண்டால்? எனக்குத் தெரிந்த தமிழ் எல்லாம் என்னைக் கைவிட்டதுபோல நின்றேன். என் முகத்தைப் பார்த்து அவள் முகம் வெளிறத் தொடங்கியது. அதே வெளிறல். பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கதிரையில் முன்னுக்கு நகர்ந்தாள்.

“பிள்ளைக்கு முழுப்பேர்” என்றேன்.

“என்னாங்க மிஸ்ஸி?”

“பிள்ளைக்கு முழுப்பேர். அந்த நோய் பிள்ளைக்கு இல்லை. இனி ஒருத்தரும் வெட்டேலாது.”

அவள் பிள்ளையின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பிறகு தலையை நிமிர்த்தி, மிகச் சாதாரணமாக, கடையில் மீதி வாங்குகிறவள் போலச் சொன்னாள்.

“அது போதுங்க. எனக்கு அரைப்பேர் போட்டாலும் பரவால்லீங்க.”

அந்த நேரத்தில்தான் தாய்மாருக்கான குளிசைகள், ஆயுள் முழுக்கக் குடிக்கிற குளிசைகள், எங்கள் கைக்கு வரத் தொடங்கியிருந்தன. எத்தனை வருடம் அவை காக்கும், மலையிலிருந்து மாதாமாதம் இவளால் வர முடியுமா, எதுவுமே எனக்குத் தெரியாது. தெரியாததால் வழக்கம்போலக் கோபம் வந்தது. கண்ணீரோடு வந்தது.

“அரைப்பேரும் கிரைப்பேரும் இஞ்ச இல்லை!” என்று கத்தினேன். “உங்களுக்கும் முழுப்பேர்தான். அடுத்த செவ்வாய் உங்கட குளிசை தொடங்குறம். காலமை எட்டு மணிக்குப் பெரட்டு. பிந்தினால் தெரியும்!”

தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்துக்குத்தான் பெரட்டு என்று பேர். யாழ்ப்பாணத்துக்காரி வாயில் அந்தச் சொல் எப்படி விழுந்ததோ, சோமா துடைப்பத்தைப் போட்டுவிட்டுச் சிரித்தாள். டொக்டர் ஒன்றும் விளங்காமல் எங்கள் மூன்று பேரையும் மாறிமாறிப் பார்த்தார்.

நாற்பத்தொன்று எழும்பி ஓடவில்லை. பிள்ளையின் வாயிலிருந்து என் முத்திரையைப் பிடுங்கி, சேலையில் துடைத்து, மேசையில் வைத்துவிட்டு, கையை நீட்டினாள்.

“சரிங்க மிஸ்ஸி. செவ்வாக்கெழமைக்கும் சேர்த்துத் துண்டு எழுதுங்க.”